மெட்ஃபார்மினுக்கு அடுத்த மாத்திரை எது? எலும்பையும் கணக்கில் எடுத்து ஓர் ஒப்பீடு

சுகருக்கு மெட்ஃபார்மின் மட்டும் போதவில்லை, இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு 65 தாண்டிவிட்டது. போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. இப்போது எந்த மாத்திரையைச் சேர்த்தால் சுகரும் குறையும், எலும்புக்கும் கெடுதல் வராது? இப்படிக் கேட்டு எழுதும் வாசகர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கேள்வி மிகச் சரியானது. மருந்து தேர்ந்தெடுக்கும்போது விலை, சிறுநீரகம், இதயம் எல்லாம் பேசப்படுகிறது. எலும்பைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை, முறிந்த பிறகுதான் பேச்சு வருகிறது.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இன்டியாப் ஆய்வுப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிப் பேர், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இவர்களில் எத்தனையோ பேர் இப்போது அறுபதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டரோடு பேசிச் செய்ய வேண்டியவை. அந்தப் பேச்சுக்குத் தயாராகப் போவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

## சர்க்கரை எலும்பை என்ன செய்கிறது

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிலருக்குச் சராசரியைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். ஆனாலும் எலும்பு முறிவு அவர்களுக்கு அதிகம். எலும்பில் கால்சியத்தோடு கொலாஜன் என்ற புரத நார்களும் இருக்கின்றன. அடி விழும்போது கொஞ்சம் வளைந்துகொடுத்துத் தாங்குவது அந்த நார்கள்தான். ரத்தத்தில் கூடுதலாக ஓடும் சர்க்கரை வருஷக்கணக்கில் அவற்றில் ஒட்டி, விறைத்துப்போக வைக்கிறது. மொட்டைமாடியில் பல கோடைகள் வெயில் பட்ட நைலான் கொடிக்கயிறு தடிமன் குறையாமலே இருக்கும், ஈரப் போர்வையைப் போட்டதும் பட்டென்று அறுந்துவிடும். நீரிழிவு எலும்பும் அப்படித்தான். பழைய எலும்பைக் கரைத்துப் புது எலும்பு கட்டும் வேலையும் மந்தமாகிவிடுகிறது.

இதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதமே மாற வேண்டும். நீரிழிவு உள்ளவரின் டி ஸ்கோரில் (எலும்பு அடர்த்தியை இளம் வயதினரோடு ஒப்பிட்டு ஸ்கேன் தரும் எண்; மைனஸில் இறங்க இறங்க எலும்பு பலவீனம்) இருந்து சுமார் 0.5 கழித்துப் பார்த்தால்தான் உண்மையான ஆபத்து தெரியும் என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வழக்கமாக மைனஸ் 2.5இல் எலும்புக்கான மருந்து தொடங்குவார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், சர்க்கரை நோயாளிகளுக்கு மைனஸ் 2.0இலேயே அதைப் பரிசீலிக்கச் சொல்கிறது.

இது கதையில் பாதி. மீதிப் பாதி, கீழே விழுவது. கால் மரத்துப்போனவருக்குத் தரையின் ஈரம் தெரிவதில்லை. கண்ணில் விழித்திரை பாதித்தவருக்குப் படி சரியாகத் தெரிவதில்லை. லோ சுகர் வந்தவருக்குத் தலை சுற்றுகிறது. மாத்திரைத் தேர்வு இந்த இரண்டு பாதிகளையும் தொடுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, மருந்து எலும்பை நேரடியாகப் பாதிக்கிறதா என்பது. இரண்டாவது, லோ சுகர் வரவழைக்கிறதா என்பது. வயதானவர்களுக்கு நான் இதைத்தான் மிகப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மூன்றாவது உடல் எடையும் தசையும். எடை குறைவது நல்லதுதான், ஆனால் தசை கரைந்தால் விழும் ஆபத்து கூடும். நான்காவது, சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்பது. கடைசியாக, மாதாமாதம் வாங்கக் கட்டுப்படியாகிற விலை.

| மருந்து வகை | எலும்பின் மேல் நேரடி விளைவு | லோ சுகர் | எடை | விலை |
|---|---|---|---|---|
| சல்ஃபோனைல்யூரியா (கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு) | இல்லை | அதிகம் | கூடும் | மிகக் குறைவு |
| பயோகிளிட்டசோன் | கெடுதல், குறிப்பாகப் பெண்களுக்கு | குறைவு | கூடும், கால் வீங்கலாம் | மிகக் குறைவு |
| கிளிப்டின்கள் (சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின்) | இல்லை | குறைவு | மாறாது | குறைவு முதல் நடுத்தரம் |
| கிளிஃப்ளோசின்கள் (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்) | பெரும்பாலும் இல்லை. கானாகிளிஃப்ளோசினில் சந்தேகம் | குறைவு | குறையும் | குறைவு முதல் நடுத்தரம் |
| ஜிஎல்பி–1 மருந்துகள் (செமாகுளூடைடு, லிராகுளூடைடு) | நேரடியாக இல்லை. எடை குறைவதால் எலும்பும் குறையலாம் | குறைவு | நன்றாகக் குறையும் | அதிகம் |
| இன்சுலின் | இல்லை | அதிகம் | கூடும் | வகையைப் பொறுத்தது |

மெட்ஃபார்மினை அட்டவணையில் சேர்க்கவில்லை, ஏனென்றால் பெரும்பாலோர் ஏற்கெனவே அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எலும்புக்கு அது கெடுதல் செய்வதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சுகரால் வந்த மரப்புதான் என்று அதை விட்டுவிடுகிறோம். அசைவம் சாப்பிடாதவர்களும், பல வருஷமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் அவ்வப்போது பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது. குறைவென்றால் சரிசெய்வது சுலபம்.

## பயோகிளிட்டசோன்: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

எலும்பு விஷயத்தில் இந்த மருந்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மூலசெல் ஒன்று எலும்பு கட்டும் செல்லாகவும் வளரலாம், கொழுப்பு செல்லாகவும் வளரலாம். இந்த வகை மருந்துகள் அதைக் கொழுப்பின் பக்கம் தள்ளிவிடுகின்றன. எலும்பு கட்ட ஆள் குறைகிறது.

இது முதலில் தெரியவந்தது இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோசிகிளிட்டசோனில். 2006இல் வெளியான அடாப்ட் ஆய்வில் அந்த மருந்தை எடுத்த பெண்களில் 9.3 சதவீதத்தினருக்கு எலும்பு முறிந்தது. மெட்ஃபார்மின் எடுத்த பெண்களில் அது 5.1 சதவீதம், கிளிபென்கிளமைடு எடுத்தவர்களில் 3.5. மேற்கை, கை, பாதம் ஆகிய இடங்களில்தான் முறிவு கூடியிருந்தது. ரோசிகிளிட்டசோனை இதய ஆபத்துக்காக 2010இல் இந்தியா தடை செய்தது. பயோகிளிட்டசோன் தங்கிவிட்டது. பக்கவாதம் வந்து மீண்ட, நீரிழிவு இல்லாதவர்களிடம் நடந்த ஐரிஸ் ஆய்வில் (2016) மருத்துவமனையில் சேர்க்கவோ அறுவை சிகிச்சை செய்யவோ வேண்டிய முறிவுகள் பயோகிளிட்டசோன் எடுத்தவர்களில் 5.1 சதவீதம், எடுக்காதவர்களில் 3.2 சதவீதம்.

2013 ஜூனில் இந்திய அரசு பயோகிளிட்டசோன் விற்பனையை நிறுத்தியது, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது. அன்று விவாதம் முழுக்கச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைச் சுற்றியே நடந்தது. எலும்பு அந்தச் சத்தத்தில் அடங்கிப்போயிற்று.

இங்கே அதிகம் எழுதப்படுவது 7.5 அல்லது 15 மில்லிகிராம். ஐரிஸ் ஆய்வில் 45 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். குறைந்த அளவில் ஆபத்தும் குறைவாக இருக்கலாம். ஆனாலும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், ஏற்கெனவே ஒருமுறை எலும்பு முறிந்தவருக்கும் அந்த நம்பிக்கையில் இதைக் கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. பயோகிளிட்டசோன் தனி மாத்திரையாக வருவதைவிட, கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டோடும் சேர்ந்து மூன்று மருந்து ஒரே மாத்திரையாகத்தான் நிறைய விற்கிறது. பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் ஓரத்தில் ‘பி’ என்று ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கலாம். உள்ளே இருப்பது எது என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண் மங்கியவரால் அதைப் படிக்க முடியாது. கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பயோகிளிட்டசோன் என்று இருந்தால், எடுப்பவர் 55 வயதுக்கு மேற்பட்ட பெண் என்றால், அடுத்த முறை டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: “இதுக்குப் பதிலா வேற ஏதாவது தர முடியுமா? அம்மாவுக்கு ஏற்கெனவே கை முறிஞ்சிருக்கு.”

இது சரியான தேர்வாக இருக்கும் ஆட்களும் உண்டு. நாற்பதுகளில் இருக்கும் ஆண், கல்லீரலில் கொழுப்பு, இன்சுலின் நன்றாக வேலை செய்யவில்லை, இதயம் திடமாக இருக்கிறது, கையில் பணம் குறைவு என்றால் பயோகிளிட்டசோன் நல்ல பலன் தரும். இதயச் செயலிழப்பு இருந்தால் மட்டும் பக்கத்திலேயே போகக் கூடாது.

## கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு: மலிவு, ஆனால் விழவைக்கும்

ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் புழக்கத்தில் உள்ள குடும்பம். சுகரை வேகமாக இறக்கும். விலை மிகக் குறைவு. அரசு மருத்துவமனைகளில் மெட்ஃபார்மினுக்கு அடுத்து பெரும்பாலும் கிடைப்பது இந்த வகைதான். எலும்பை இது நேரடியாகத் தொடுவதில்லை.

சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், சிக்கல் அங்கேதான். வெள்ளிக்கிழமை காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, கோயிலுக்குப் போய் வந்து சாப்பிடலாம் என்று கிளம்புகிறார் ஒரு பாட்டி. கூட்டம், வரிசை, அபிஷேகம் முடிய நேரமாகிறது. பதினொரு மணிக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பிரகாரத்துக் கல்தரையில் சாய்கிறார். இடுப்பு எலும்பு முறிவதற்கு அவ்வளவு போதும். ஏகாதசி விரதம், நோன்பு, வயிற்றுப்போக்கு, பசியின்மை எதுவானாலும் இதே ஆபத்துதான்.

லினாகிளிப்டினையும் கிளிமெபிரைடையும் ஆறாயிரம் பேரிடம் ஒப்பிட்ட கரோலினா ஆய்வு (2019) இரண்டுக்கும் இதய ஆபத்தில் வித்தியாசம் இல்லை என்றது. லோ சுகரில்தான் பெரிய இடைவெளி: கிளிப்டினில் 10.6 சதவீதம், கிளிமெபிரைடில் 37.7 சதவீதம்.

இந்தக் குடும்பத்திலேயே கிளிபென்கிளமைடு தனி. உடலில் நெடுநேரம் தங்கும், சிறுநீரகம் மந்தமானால் இன்னும் நேரம் தங்கும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது பொருத்தமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது. வீட்டில் வயதானவர் பழைய சீட்டைக் காட்டி இன்னும் அதையே வாங்கிக்கொண்டிருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுபவர், சிறுநீரகம் நன்றாக உள்ளவர், வயதும் அதிகமில்லை என்றால் கிளிக்ளசைடு அல்லது குறைந்த அளவு கிளிமெபிரைடு குறை சொல்ல முடியாத தேர்வு.

## கிளிப்டின்கள்: பெரிய பலனும் இல்லை, பெரிய தொல்லையும் இல்லை

சர்க்கரையைச் சுமாராகத்தான் குறைக்கும், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அரை முதல் முக்கால் சதவீதம் வரை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தனிப்பட்ட பலன் இல்லை. ஆனால் எலும்பைத் தொடுவதில்லை, தனியாகவோ மெட்ஃபார்மினோடோ எடுத்தால் லோ சுகர் அரிது, எடையும் மாறாது. சிட்டாகிளிப்டின் காப்புரிமை 2022இல் முடிந்த பிறகு விலையும் இறங்கிவிட்டது. லினாகிளிப்டின் என்றால் சிறுநீரகம் பாதித்தாலும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் தொல்லை ஒன்று: சிலருக்குக் கடுமையான மூட்டுவலி வரலாம் என்று 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களிலோ மாதங்களிலோ புதிதாக மூட்டுவலி வந்தால் வயசு என்று ஒதுக்கிவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

## கிளிஃப்ளோசின்கள்: இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் முதலிடம்

கூடுதல் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் இவை. இதயச் செயலிழப்பும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவருக்கு இவற்றின் நன்மை மிகப் பெரிது. டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2020இலும், எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025இலும் முடிந்ததால் நடுத்தரக் குடும்பங்களுக்கும் இப்போது எட்டும் விலை.

எலும்பு விஷயத்தில் பயம் கிளப்பியது கானாகிளிஃப்ளோசின். 2017இல் வெளியான கான்வாஸ் ஆய்வில் வருஷத்துக்கு ஆயிரம் பேரில் 15.4 முறிவுகள், மருந்து இல்லாதவர்களில் 11.9. பிறகு 2019இல் சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த கிரெடென்ஸ் ஆய்வில் அதே மருந்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. டாபாகிளிஃப்ளோசினைப் பதினேழாயிரம் பேரிடம் சோதித்த டிக்ளேர் ஆய்விலும் முறிவு கூடவில்லை. ஆகவே டாபா, எம்பா இரண்டையும் எலும்புக்காகப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது உடலில் நீர் வற்றுவதற்கு. சிறுநீர் அதிகம் போகும், ரத்த அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே பிபி மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுக்கும் பெரியவர் இரவில் சிறுநீர் கழிக்கச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். சித்திரை, வைகாசி வெயிலில் இது இன்னும் மோசம். மருந்து ஆரம்பிக்கும்போதே நின்றபடியும் உட்கார்ந்தபடியும் பிபி பார்க்கச் சொல்லுங்கள், நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்றும் கேளுங்கள். பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வருவதும் சகஜம். கூச்சப்பட்டுச் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடும் பெண்கள் நிறைய. காய்ச்சல், வாந்தி, அறுவை சிகிச்சை என்றால் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## ஜிஎல்பி–1 மருந்துகள்

குடலில் சுரக்கும் ஜிஎல்பி–1 ஹார்மோனைப் போல வேலை செய்து பசியையும் சுகரையும் குறைக்கும் மருந்துகள், பெரும்பாலும் ஊசியாகப் போடுபவை. உடல் பருமனும் சுகரும் சேர்ந்து உள்ளவருக்கு இப்போதைக்கு இவைதான் மிகச் சக்தி வாய்ந்தவை. முறிவு கூடுவதாகத் தெளிவான சான்று இல்லை. ஆனால் எடை வேகமாகக் குறையும்போது தசையும் எலும்பும் கூடவே கொஞ்சம் போகும். நீரிழிவு இல்லாத பருமனானவர்களிடம் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில், லிராகுளூடைடு மட்டும் எடுத்தவர்களின் இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தி குறைந்தது. உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு எலும்பு காப்பாற்றப்பட்டது. எனவே விலையோடு உடற்பயிற்சியையும் செலவாகக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, படி ஏறுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, இதுபோலத் தசைக்கு வேலை கொடுப்பது எதுவானாலும் சரி.

ஒல்லியான உடம்பு, பசி குறைவு, கன்னம் ஒட்டிய முதியவர் என்றால் இந்த மருந்து வேண்டாம் என்றே சொல்வேன்.

## இன்சுலின்

இன்சுலின் போட்டால் எலும்பு கெடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலும்பு வளர இன்சுலின் தேவை. அது சுரக்காத முதல் வகை நீரிழிவில்தான் எலும்பு அடர்த்தியே குறைந்து, இடுப்பு முறிவு பல மடங்கு கூடுகிறது. இரண்டாம் வகையில் இன்சுலின் போடுபவர்களுக்கு முறிவு அதிகமாகத் தெரிவது உண்மை. அவர்களுக்கு நோய் முற்றியிருக்கிறது, லோ சுகரும் அடிக்கடி வருகிறது. காலை, இரவு இரண்டு வேளையும் போடும் கலவை இன்சுலினில் ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போனாலும் ஆபத்து. தனியாக வாழும் முதியவருக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை போடும் நீண்டநேர இன்சுலின் அதைவிடப் பாதுகாப்பானது.

## எவ்வளவு இறக்க வேண்டும்

மருந்தைப் போலவே இலக்கும் ஒரு தேர்வுதான். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வில் (2013) மூன்று மாத சராசரி 7.5க்கு மேல் இருந்தவர்களுக்கு முறிவு கூடியிருந்தது. அப்படியென்றால் 6.5க்கு இறக்கிவிட்டால் எலும்பு பிழைத்துவிடுமா? அமெரிக்காவின் அக்கார்டு ஆய்வில் ஒரு குழுவுக்கு 6.4 வரை கடுமையாகக் குறைத்தார்கள், இன்னொரு குழுவை 7.5இல் வைத்தார்கள். முறிவிலும் விழுவதிலும் வித்தியாசமே இல்லை. கடுமையாகக் குறைத்த குழுவில் இறப்பு கூடியதால் அந்தச் சிகிச்சையை 2008இல் நிறுத்த வேண்டியும் வந்தது.

70ஐத் தாண்டி, வேறு நோய்களும் உள்ள ஒருவருக்கு 7.5 முதல் 8 வரை போதும். 6.2 என்று ரிப்போர்ட் வந்ததற்குக் குடும்பமே சந்தோஷப்படும் வீடுகளில், அவர் கிளிமெபிரைடோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால் நான் கவலைப்படுவேன். ஐம்பது வயதில், லோ சுகர் வராத மருந்தில் இருப்பவர் 7க்குக் கீழே வைத்துக்கொள்ளலாம், நல்லதும்கூட.

## யாருக்கு எது

65 தாண்டிய பெண், முன்பு எலும்பு முறிந்தது, இதயமும் சிறுநீரகமும் பரவாயில்லை: மெட்ஃபார்மினோடு கிளிப்டின். கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட வாசகருக்கு நான் சொல்வது இதுதான். கூடவே டெக்ஸா ஸ்கேனும் எடுங்கள். லேசாக விழுந்ததில் மணிக்கட்டு முறிந்திருக்கிறது என்பதால், எலும்புக்கே தனி மருந்து தேவையா என்றும் கேளுங்கள்.

இதயச் செயலிழப்போ சிறுநீரகப் பாதிப்போ உள்ளவர்: வயது எதுவானாலும் டாபா அல்லது எம்பா, பிபியைக் கண்காணித்தபடி.

50 வயது, நல்ல பருமன்: கட்டுப்படியானால் ஜிஎல்பி–1 மருந்து, உடற்பயிற்சியோடு.

அரசு மருத்துவமனை மாத்திரையை மட்டும் நம்பியிருப்பவர்: கிளிமெபிரைடு தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அப்படியானால் குறைந்த அளவில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், சாப்பாடு தயாரான பிறகே மாத்திரையைப் போடுங்கள், படுக்கை அருகே சர்க்கரையோ குளுக்கோஸோ வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம், சமீபத்தில் தலை சுற்றியதையும் விழுந்ததையும் தவறாமல் சொல்லுங்கள்.

## சீட்டில் இருக்கும் மற்றவை

சுகர் மாத்திரையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, வருஷக்கணக்கில் பான்டோபிரசோல் போன்ற வாயு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நீண்டகாலம் எடுத்தால் எலும்பு முறிவோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. இன்னும் தேவையா என்று கேளுங்கள்.

வாரம் ஒன்று என்று கொடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி, குறைபாடு உள்ளவருக்குக் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். நல்லதுதானே என்று வருஷம் முழுக்கச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் கெடும். கால்சியத்தைச் சாப்பாட்டில் தேடுவது நல்லது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. தண்ணீராகக் கரைத்த கூழைவிட, கீரையும் வெங்காயமும் போட்ட அடையாகச் சாப்பிட்டால் சுகர் அவ்வளவு வேகமாக ஏறாது.

மருந்துக்கடை வாசலில் இலவச எலும்பு முகாம் என்று குதிகாலை ஒரு கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். அது டெக்ஸா இல்லை. அதில் வரும் எண்ணை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், பயந்துபோய்க் கால்சியம் டப்பா வாங்கவும் வேண்டாம். இடுப்பும் முதுகெலும்பும் பார்க்கும் டெக்ஸாவுக்குத் தனியார் மையங்களில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். 65 வயது ஆனவர்கள் ஒருமுறை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்தால் போதும்.